பழைய லேத்தில் கணினி மோட்டார் பொருத்தினால் அது புதிய இயந்திரம் ஆகிவிடுமா?

நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுழல் பள்ளம் இடும் மிகப் பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கணினியின் சொற்படி சுழலும் மோட்டார்களைப் பொருத்தி ஒரு வெளிநாட்டுக்காரர் ஓட்டிக் காட்டியதைப் பார்த்தீர்கள், அது எப்படிச் சாத்தியமாகிறது என்பது முதல் கேள்வி. உங்கள் தந்தையார் 1970களில் வாங்கிய லேத், அதாவது கடைசல் இயந்திரம் ஒன்று பட்டறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கும் இதே சிகிச்சையைச் செய்தால் அது கணினி எண்களால் ஓடும் புதிய சிஎன்சி இயந்திரத்துக்கு இணையாகிவிடுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான பதிலைச் சரியாகப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்குப் பாதிப் பதில் தானாகவே கிடைத்துவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். கோவையில் பழைய இயந்திரங்களுக்குப் புதிய கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்தும் வேலையை 24 ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். லேத், மில்லிங், ஒரு சில கிரைண்டிங் இயந்திரங்கள் என் கையில் வந்தவை. துப்பாக்கி இயந்திரம் எதையும் நான் பழுதுபார்த்ததில்லை, அவற்றின் வரலாற்றையும் இயக்கத்தையும் படித்து அறிந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய இயந்திரம் எதுவானாலும் அதற்குள் ஓர் அறிவு ஒளிந்திருக்கிறது. அந்த அறிவு இரும்பின் வடிவத்தில் இருக்கிறது. ஒரு பல்சக்கரத்தில் எத்தனை பற்கள், ஒரு சாய்சட்டத்தின் கோணம் எவ்வளவு, ஒரு மாதிரி உருவின் மேடு பள்ளம் எங்கே என்பவையே அந்த இயந்திரத்தின் நினைவாற்றல். கணினி மோட்டார் பொருத்துகிறவர் உண்மையில் அந்த நினைவை மட்டுமே இரும்பிலிருந்து எடுத்து எண்ணாக மாற்றுகிறார். கருவியைத் தாங்குவது, அதிராமல் நிற்பது, நேர்கோட்டில் நகர்வது ஆகிய மற்ற வேலைகளெல்லாம் பழைய இரும்பின் பொறுப்பிலேயே தொடர்கின்றன. இதை மறந்துவிட்டுச் செலவு செய்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

துப்பாக்கித் தொழிலை நீங்கள் உதாரணமாக எடுத்தது மிகப் பொருத்தம், ஏனென்றால் இன்றைய பட்டறை இயந்திரங்களின் குலமரபு பெருமளவு அங்கிருந்தே வருகிறது. இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் 1774இல் பீரங்கியைக் கெட்டியாக வார்த்து, அந்த வார்ப்பையே சுழலவைத்துத் துளையிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, இரு முனைகளிலும் தாங்கப்பட்ட கனமான தடியில் வெட்டுக்கருவியைப் பொருத்தி, ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கான சிலிண்டர்களை அவரே கடைந்து கொடுத்தார். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில்கூடப் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனுக்குள் அடங்கியது என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் வியந்து எழுதினார். லேத்தில் மரை, அதாவது திருகின் சுழல் புரி, வெட்டுவதை நம்பத்தகுந்த தொழிலாக்கிய ஹென்றி மாட்ஸ்லே, சிறுவனாக வுல்விச் ஆயுதக் கிடங்கில் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் வேலையில் தொடங்கியவர். கருவியை நீளவாக்கில் நகர்த்தும் லீட்ஸ்க்ரூ என்ற நீண்ட திருகு, கருவியைத் தாங்கி நகரும் ஸ்லைடு, மாற்றக்கூடிய பல்சக்கரங்கள் மூன்றையும் ஒரே இயந்திரத்தில் அவர் பொருத்தியது 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில். உங்கள் தந்தையாரின் லேத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் பல்சக்கர வரிசை அந்த அமைப்பின் நேர் வாரிசு.

ஆனால் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான இயந்திரம் துப்பாக்கியின் மரக் கட்டையைக் கடைந்த லேத்துதான். துப்பாக்கிக் கட்டை வட்டமான பொருள் அன்று, ஓரிடத்தில் முட்டை வடிவம், இன்னோரிடத்தில் தட்டை, நடுவில் வளைவு. அதைச் சாதாரண லேத்தில் கடைய முடியாது, கையால் செதுக்குவதே வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் பிளான்சார்ட் 1819இல் இதற்கொரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். ஏற்கெனவே சரியாகச் செய்யப்பட்ட மாதிரிக் கட்டையையும், வெட்டப்பட வேண்டிய மரத்தையும் ஒரே வேகத்தில் மெதுவாகச் சுழலவைத்தார். மாதிரியின் மேல் ஒரு சக்கரம் உருண்டு செல்லும், மரத்தின் மேல் அதே விட்டமுள்ள வெட்டுச் சக்கரம் வேகமாகச் சுழலும். மாதிரியில் மேடு வந்தால் உருளும் சக்கரம் விலகும், அதனுடன் வெட்டுச் சக்கரமும் விலகும், பள்ளம் வந்தால் இரண்டும் நெருங்கும். சுற்றுக்குச் சுற்று சிறிது நகர்ந்து, முனையிலிருந்து முனைவரை மாதிரியின் நகல் மரத்தில் இறங்கிவிடும். அவர் 1820களில் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் தங்கி, கட்டை வேலையின் வெவ்வேறு கட்டங்களுக்கென 14 இயந்திரங்களை உருவாக்கினார். அக்காலத்து லேத் ஒன்று அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. 1850களில் பிரிட்டன் தன் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு இந்த வகை இயந்திரங்களை அமெரிக்காவிலிருந்தே வாங்கியது.

பிளான்சார்டின் முறை கோடாரிக் காம்புக்கும், வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலுக்கும், காலணி செய்ய உதவும் லாஸ்ட் என்ற கால் அச்சுக்கும் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிலில் இருப்பவர்களுக்கு லாஸ்ட் என்றால் விளக்கத் தேவையில்லை. வலது கால் மாதிரியை வைத்து இடது காலுக்கான அச்சைக் கடைய வேண்டுமானால், மாதிரியும் மரமும் எதிரெதிர்த் திசையில் சுழலும்படி பல்சக்கரத்தை மாற்றுவார்கள், அளவைக் கூட்டிக் குறைக்க நெம்புகோல்களின் நீளத்தை மாற்றுவார்கள். கணினி மோட்டார் வந்தபின், இடது காலுக்கு எண்ணின் முன்னால் ஒரு கழித்தல் குறி போதும், அளவு மாற்றத்துக்கு ஒரு பெருக்கல் போதும். மாதிரி தேய்வதும் இல்லை. பழைய முறையில் மாதிரி எங்கே தேய்ந்ததோ அந்தக் குறை அதன்பின் வெட்டப்பட்ட ஒவ்வொரு பொருளிலும் வந்து உட்கார்ந்துவிடும். எண்ணில் எழுதிய மாதிரிக்கு அந்த நோய் கிடையாது. இந்த ஆதாயம் உறுதியானது, இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

நீங்கள் பார்த்த குழல் இயந்திரமும் இதே கொள்கையில்தான் நிற்கிறது. ஒரு தடி நேராக நகரும்போதே சீராகச் சுழல வேண்டும், நகர்வுக்கும் சுழற்சிக்கும் இடையிலான விகிதமே பள்ளத்தின் முறுக்கு. 18ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கொல்லர்கள் அந்த விகிதத்தை, சுழல் பள்ளம் வெட்டிய ஒரு மர உருளையில் வைத்திருந்தார்கள். பிற்காலத் தொழிற்சாலை இயந்திரங்கள் ஒரு சாய்சட்டத்தின் கோணத்தில் வைத்திருந்தன. இப்போது நீங்கள் பார்த்தவர் அதைக் கணினியில் இரண்டு எண்களாக வைத்திருக்கிறார். இதற்கு மேல் அந்த இயந்திரத்தைப் பற்றி விவரமாக எழுத நான் விரும்பவில்லை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ அதன் பாகமோ செய்வது குற்றம், அது திருச்சியில் உள்ளதைப் போன்ற தொழிற்சாலைகளுக்கும் உரிமம் பெற்றவர்களுக்கும் உரிய வேலை. உங்களுக்குப் பயன்படப்போவது அந்தக் கொள்கை மட்டுமே, அது உங்கள் லேத்தில் மரை வெட்டும்போது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்துவது ஏதோ ஏழைகளின் குறுக்குவழி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எண்வழிக் கட்டுப்பாட்டில் ஓடிய முதல் மில்லிங் இயந்திரமே அப்படிப் பொருத்தப்பட்டதுதான். ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாகப் பெற ஜான் பார்சன்ஸ் முன்வைத்த யோசனையை, அமெரிக்க விமானப்படையின் பணத்தில் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் செர்வோ ஆய்வகம் எடுத்துச் செய்தது. அவர்கள் புதிய இயந்திரம் எதையும் வார்க்கவில்லை. மாதிரியைத் தடவி நகலெடுக்கும் வகையைச் சேர்ந்த சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் இயந்திரம் ஒன்றை எடுத்து, துளையிட்ட காகித நாடாவைப் படித்து மோட்டார்களை இயக்கும்படி மாற்றி, 1952 செப்டம்பரில் இயக்கிக் காட்டினார்கள். பிளான்சார்டின் உருளும் சக்கரம் இருந்த இடத்தில் நாடா வந்து உட்கார்ந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி இயந்திரத்தைவிடப் பெரியதாக, நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்களுடன் இருந்தது. இன்று அதைவிடப் பன்மடங்கு திறமையுள்ள சில்லு உள்ளங்கையில் அடங்குகிறது. லினக்ஸ் சிஎன்சி என்ற இலவச மென்பொருளும் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனத்தில் 1990களில் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்து வளர்ந்ததே.

இனி உங்கள் லேத்துக்கு வருகிறேன். முழு சிஎன்சி ஆக்குவதற்கு முன்னால் ஒரு நடுவழி இருக்கிறது, அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். பொருளைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பின்முனையில், சுழற்சியை எண்ணும் ஓர் என்கோடர், லீட்ஸ்க்ரூவின் முனையில் ஒரு மோட்டார், இடையில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகை, அவ்வளவுதான். பல்சக்கர வரிசையைக் கழற்றிவிடலாம். ஸ்பிண்டில் எவ்வளவு சுழன்றது என்று என்கோடர் சொல்லும், அதற்கு லீட்ஸ்க்ரூ எவ்வளவு சுழல வேண்டும் என்று பலகை கணக்கிட்டு மோட்டாரை நகர்த்தும். ஒரு கணக்கைக் கைவிரல் விட்டு எண்ணிப் பார்ப்போம். என்கோடரில் 1024 கோடுகள் என்றால், கோட்டுக்கு நான்கு வீதம் ஒரு சுற்றுக்கு 4096 எண்ணிக்கை கிடைக்கும். மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்புகள் ஒரு சுற்றுக்கு 2000, லீட்ஸ்க்ரூவின் மரை இடைவெளி 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.5 மில்லிமீட்டர் மரை வெட்ட, ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு லீட்ஸ்க்ரூ கால் சுற்று, அதாவது 500 துடிப்புகள். இது சிக்கலில்லாத கணக்கு.

அங்குலத்துக்கு 8 மரை வேண்டுமென்றால் கதை மாறுகிறது. இடைவெளி 3.175 மில்லிமீட்டர், அதற்கு ஒரு சுற்றுக்கு 1058.333 துடிப்புகள் தேவை. அந்தக் கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கைவிட்டால் என்ன என்று தோன்றும். ஒரு துடிப்புக்கு 3 மைக்ரான், மூன்றில் ஒன்று என்பது ஒரு மைக்ரான், கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் 100 சுற்று ஓடியதும் அது 0.1 மில்லிமீட்டர் ஆகிவிடும், நீண்ட மரையில் நட் பாதியில் இறுகிக்கொள்ளும். பழைய டர்னர்கள் இதே சிக்கலுக்கு 127 பற்கள் கொண்ட சக்கரத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அது 127ஐ 5 ஆல் வகுத்தது. 127 பகா எண் என்பதால் அதைச் சிறிய சக்கரங்களாக உடைக்கவும் முடியாது. நல்ல கட்டுப்பாட்டு நிரலிலும் அதே 127 வருகிறது, 3.175ஐ 6 ஆல் வகுத்தால் 240க்கு 127 என்ற பின்னம்தான் கிடைக்கும். அந்தப் பின்னத்தைத் தசமமாக்கி வெட்டாமல், மேலெண் கீழெண் இரண்டையும் முழு எண்களாகவே வைத்து, மிச்சத்தை அடுத்த கணக்குக்குக் கொண்டுசெல்லும் நிரலில் எத்தனை ஆயிரம் சுற்று ஓடினாலும் பிழை சேராது. சந்தையில் கிடைக்கும் பலகையை வாங்குகிறீர்கள் என்றால், அதை விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, மோட்டார் ஸ்பிண்டிலைப் பின்தொடர்கிறதா அல்லது கடிகாரத்தைப் பின்தொடர்கிறதா என்பது. ஆழமான வெட்டில் ஸ்பிண்டிலின் வேகம் சற்றுக் குறையும். என்கோடரைப் பார்த்து நகரும் மோட்டாரும் அதனுடன் குறைந்து மரையைக் காப்பாற்றும். வேகம் இவ்வளவுதான் என்று அனுமானித்து நேரத்தைக் கணக்கிட்டு நகரும் மலிவான அமைப்பில் மரை கெட்டுவிடும். பல்சக்கரம் இந்த ஒழுக்கத்தை இயல்பாகவே கடைப்பிடித்தது, ஸ்பிண்டில் நின்றால் அதுவும் நிற்கும். அதை எடுத்துவிடும்போது அந்த ஒழுக்கத்தை வேறொன்று ஏற்றாக வேண்டும்.

அந்த வேறொன்று எவ்வளவு சிறிய இடத்தில் தோற்கக்கூடும் என்பதற்கு என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பம்பு ஷாஃப்ட் செய்யும் ஒரு பட்டறையில் இப்படிப் பொருத்திய லேத், காலையில் சரியாக மரை வெட்டியது, மதியத்துக்கு மேல் இரண்டாவது வெட்டு முதல் வெட்டின் தடத்தில் விழாமல் மரையைச் சிதைத்தது. நிரலில் கோளாறு என்று நான்கு நாட்கள் அதையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஐந்தாம் நாள், அங்கிருந்த மூத்த டர்னர் ஒருவர் என்கோடரின் ஷாஃப்டையும் அதை ஸ்பிண்டிலுடன் இணைக்கும் கப்ளிங்கையும் சேர்த்து ஒரு மார்க்கர் பேனாவால் நேர்கோடு கிழித்துவிட்டு, ஓட்டுங்கள் தம்பி என்றார். பத்துப் பன்னிரண்டு முறை ஸ்பிண்டிலை நிறுத்தி ஓட்டிய பிறகு குனிந்து பார்த்தோம். ஒரே கோடாக இருந்தது இரண்டு துண்டாகி, ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் விலகி நின்றது. கப்ளிங்கைப் பிடித்திருந்த சிறிய ஸ்க்ரூ வழுவழுப்பான ஷாஃப்டின் மேல், ஒவ்வொரு பிரேக் அடிக்கும்போதும் இம்மியளவு வழுக்கியிருக்கிறது. காலையில் பெரிய ஷாஃப்ட், நிறுத்தி ஓட்டுவது குறைவு. மதியம் சின்ன வேலை, நிமிடத்துக்கு நிமிடம் பிரேக். ஷாஃப்டில் ஒரு தட்டை முகம் வெட்டி, சுற்றி இறுக்கும் வகைக் கப்ளிங் போட்டதும் சரியாகிவிட்டது. அதுமுதல் நான் பொருத்தும் ஒவ்வோர் இயந்திரத்திலும் முதல் நாளே அந்தக் கோட்டைக் கிழித்துவிடுகிறேன்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம், அதாவது இது புதிய இயந்திரத்துக்கு இணையாகுமா என்பது. மரை வெட்டுவதில், கருவி நகரும் வேகமான ஃபீடைத் தேர்ந்தெடுப்பதில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் ஆகலாம். வடிவத் துல்லியத்தில், எல்லாவற்றையும் தாங்கும் அடித்தளமான பெட்டின் நிலைதான் முடிவு செய்யும். 50 ஆண்டு ஓடிய லேத்தில் பெட் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்ந்திருக்காது. பெரும்பாலான வேலை, பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகிலேயே நடப்பதால் அந்த முதல் ஒரு முழ நீளத்தில்தான் தேய்மானம் அதிகம், பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் புதிது போலவே இருக்கும். கருவியைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சேடிலின் ஆட்டத்தைக் குறைக்கலாம் என்று சக்கு பக்கத்தில் வைத்து ஜிப் என்ற இறுக்கும் பட்டையை இறுக்கினால், அதே சேடில் மறுமுனைக்குப் போகும்போது இறுகி நின்றுவிடும். கைச்சக்கரத்தால் ஓட்டும் டர்னர் அந்த இறுக்கத்தைக் கையில் உணர்ந்து விட்டுக்கொடுப்பார். மோட்டார் அப்படி விட்டுக்கொடுக்காது, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் என்றால் படிகளை விட்டுவிட்டு எதுவும் நடக்காததுபோல் ஓடும், தன் நிலையைத் தானே சரிபார்த்துச் சுழலும் செர்வோ மோட்டார் என்றால் எச்சரிக்கை காட்டி நிற்கும். ஒரு மைக்ரான் அளவுக்கு நகரும் மோட்டாரை, 0.1 மில்லிமீட்டர் குழிந்த பெட்டின் மேல் ஓட்டினால் கிடைப்பது 0.1 மில்லிமீட்டர் வேலைதான்.

மரக் கட்டை கடைந்தவர்களுக்கு இது பெரிய தொல்லையாக இருந்திருக்காது. அக்ரூட் மரம் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் அளவே இயந்திரத்தின் பிழையைவிட அதிகம். இரும்பு ஷாஃப்டில் பேரிங் உட்கார வேண்டிய இடத்தைக் கடைகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே எந்தப் பொருளை, எந்த அளவுக் கட்டுப்பாட்டில் செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை என்பதால் நானும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பேக்லாஷ், நம் பட்டறை மொழியில் பிளே, அடுத்த பெரிய விஷயம். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சும்மா நகர்வு, மரை வெட்டும்போது பெரும்பாலும் தொல்லை தராது, ஏனென்றால் வெட்டு எப்போதும் ஒரே திசையில் நடக்கிறது, திரும்பி வரும்போது கருவி வெளியே இருக்கிறது. பந்து போன்ற வளைவைக் கடையும்போதுதான் அது முகத்தைக் காட்டும். கருவியைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு வெளியே வந்து மீண்டும் உள்ளே திரும்பும் உச்சியில் ஒரு சின்னப் படிக்கட்டு தெரியும், விரல் நகத்தை ஓட்டினால் நகம் அதில் தட்டி நிற்கும். மென்பொருளில் பிளே அளவை எழுதி ஈடுசெய்யலாம் என்பார்கள், அது ஓரளவுக்கு உண்மை. திசை மாறும்போது அந்த இடைவெளியை மோட்டார் தாண்டிவிடும், ஆனால் வெட்டு விசை கருவியை அந்த இடைவெளிக்குள் இழுத்துச் செல்வதை எந்த மென்பொருளாலும் பிடித்து நிறுத்த முடியாது. அதோடு, ஸ்க்ரூவின் நடுப்பகுதி அதிகமாகவும் முனைகள் குறைவாகவும் தேய்ந்திருந்தால், எந்த இடத்துப் பிளேயை எழுதுவீர்கள்?

இதற்கு விடையாக, நட்டுக்குள் குண்டுகள் உருளும் பால்ஸ்க்ரூ போடுகிறார்கள். பிளே ஏறத்தாழ மறைந்துவிடும், உராய்வும் மிகக் குறைந்துவிடும். அந்தக் குறைந்த உராய்வே புதிய கவலை ஒன்றைக் கொண்டுவருகிறது. பழைய பட்டை மரை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் ஸ்லைடு நின்ற இடத்தில் நிற்கும். பால்ஸ்க்ரூவுக்கு அந்தக் குணம் கிடையாது. மில்லிங் இயந்திரத்தின் செங்குத்து அச்சில் பால்ஸ்க்ரூ போட்டுவிட்டு மோட்டாருக்குப் பிரேக் வைக்காவிட்டால், மின்சாரம் போன நொடியில் கனமான ஹெட் தானே கீழிறங்கி, அடியில் கை இருந்தால் நசுக்கிவிடும். லேத்தில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் பின்னாளில் மில்லிங் இயந்திரத்துக்கும் இதைச் செய்ய நினைத்தால் இதை மறக்காதீர்கள். எண்ணெய் விஷயமும் அப்படியே. காலையில் ஒருமுறை கையால் எண்ணெய் விட்டு ஓட்டிய ஸ்லைடு, மோட்டார் வந்தபின் அதே நேரத்தில் பல மடங்கு தூரம் ஓடும், தானாக எண்ணெய் விடும் சிறிய பம்பு ஒன்று இல்லாவிட்டால் பெட் முன்பைவிட வேகமாகத் தேயும்.

ஸ்டெப்பரா செர்வோவா என்ற கேள்வியில் கருத்து வேறுபாடுகள் உண்டு, எனவே உறுதியானதையும் என் அபிப்பிராயத்தையும் பிரித்தே சொல்கிறேன். ஸ்டெப்பரின் முறுக்கு விசை வேகம் கூடக் கூடச் சரிந்துவிடும் என்பதும், பின்னூட்டம் இல்லாத சாதாரண ஸ்டெப்பர் படியைத் தவறவிட்டால் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது தெரியாது என்பதும் உறுதி. செர்வோவிலும், என்கோடர் மோட்டாரின் முதுகில் இருப்பதால், மோட்டார் சரியாகச் சுழன்றதை மட்டுமே அது அறியும், கருவியின் முனை எங்கே நிற்கிறது என்பதை அறியாது. இதுவும் உறுதி. மரை வெட்டும் நடுவழி அமைப்புக்கு, பின்னூட்டம் உள்ள ஸ்டெப்பர் போதும், அதற்கு மேல் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. நான் மதிக்கும் சிலர் முதலிலேயே செர்வோ போட்டுவிட வேண்டும் என்கிறார்கள், பிற்பாடு முழு சிஎன்சி ஆக்கும் திட்டம் நிச்சயமாக இருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வயரிங்கைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள். ஸ்பிண்டில் மோட்டாருக்கு வேகம் மாற்றும் டிரைவ் வைத்திருந்தால், அதன் கேபிள் பெரும் மின் இரைச்சலைக் கிளப்பும். என்கோடர் வயரை அதே குழாயில் சேர்த்து இழுத்தால், சுழலாத ஸ்பிண்டில் சுழல்வதாகப் பலகை எண்ணத் தொடங்கும். இரண்டையும் தனித்தனிப் பாதையில் கொண்டுசெல்லுங்கள், கவசமுள்ள கேபிள் போடுங்கள், எர்த்தை ஒழுங்காக்குங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளிடம் அனுமதி கேட்கும் ஒன்றாக இருக்கக் கூடாது, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்க வேண்டும். சேடிலை லீட்ஸ்க்ரூவுடன் இணைத்தும் விடுவித்தும் வைக்கும் உங்கள் லேத்தின் ஹாஃப் நட்டைத் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள். கணினி என்ன சொன்னாலும், ஒரு நெம்புகோலைத் தூக்கினால் சேடில் நின்றுவிடும் என்ற உறுதி டர்னருக்கு இருக்க வேண்டும். அது இல்லாத லேத்தில் மரை வெட்டச் சொன்னால் அனுபவசாலிகள் தயங்குவார்கள், அவர்கள் தயங்குவது சரியே.

ஆகவே, உங்கள் நிலையில் நான் இருந்தால் மோட்டார் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அளவெடுப்பதற்கு ஒதுக்குவேன். சக்கில் தடிமனான ஒரு கம்பியைப் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்காமல், 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையங்களை ஒரே அமைப்பில் லேசாகக் கடைந்து விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள், வித்தியாசம் பெட்டையும் ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கையும் பற்றிச் சொல்லும். பிறகு டயல் கேஜை கிராஸ் ஸ்லைடில் வைத்து, கைச்சக்கரத்தைத் திருப்பி, முள் அசையத் தொடங்கும்வரை எத்தனை கோடு சும்மா போகிறது என்று ஸ்க்ரூவின் மூன்று இடங்களில் குறித்துக்கொள்ளுங்கள். லீட்ஸ்க்ரூவுக்கும் அதையே சக்கு அருகில், நடுவில், டெயில்ஸ்டாக் பக்கம் என மூன்று இடங்களில் செய்யுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேலை எளிது, நடுவழி அமைப்பை உடனே தொடங்கலாம். மிகவும் வேறுபட்டால் முதல் பணம் பெட்டைச் சுரண்டிச் சமப்படுத்தும் ஸ்கிரேப்பிங்குக்கும் புதிய நட்டுக்கும் போக வேண்டும், மோட்டார் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். இந்த ஏழு எண்களையும், நீங்கள் கடையும் பொருளின் அளவுக் கட்டுப்பாட்டையும் எழுதுங்கள், எந்த மோட்டார் என்பதை அப்போது பேசுவோம்.